பழச்சந்தைக்குள் ஒரு நாடக அரங்கு: ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜோகன்னஸ்பர்க்கில் தமிழ் நாடகம் போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால், வசனத்துக்கு முன்னால் ஹாலைப் பற்றித்தான் பேச்சு வரும். திரை சிக்கிக்கொள்கிறது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வேலை செய்யவில்லை, பின்னால் உடை மாற்ற இடம் இல்லை, சீன் மாற்ற ஆள் இல்லை. நகரத்தின் இந்தியர் குடியிருப்பான லெனேசியாவில் ஒத்திகை பார்க்கும் எங்கள் சின்னக் குழுவிலும் இதே பாட்டுதான். நல்ல மேடையும் நல்ல விளக்கும் இருந்தால் மட்டும் பெரிய நாடகம் வந்துவிடுமா என்று யாராவது கேட்டால் கூட்டத்தில் அமைதி.

அந்தக் கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு பதில் நிற்கிறது. நியூடவுனில் இருக்கும் மார்க்கெட் தியேட்டர் அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகம் சுற்றிய நாடகங்களில் பல அங்கிருந்து போனவை. அந்தக் கட்டடம் நாடகத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. 1913இல் கட்டிய இந்தியப் பழச்சந்தை அது. அங்கே என்ன மேடை இருந்தது, அந்த மேடையில் என்னென்ன நாடகம் நடந்தது, ஒன்று மற்றொன்றை எப்படி மாற்றியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேடையில் எது இல்லையோ அதை வைத்தே அவர்கள் தங்கள் நாடக வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். அரசுப் பணத்தில் கட்டிய பெரிய அரங்குகளில் அப்படி ஒன்று பிறக்கவில்லை.

கட்டடத்துக்கு முன்னால் நிலம்

நியூடவுன் என்ற பெயருக்கு முன்னால் அந்த வட்டாரத்தில் செங்கல் சூளைகள் இருந்தன, ஏழைகளின் குடியிருப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்று ‘கூலி லொக்கேஷன்’. நம்மவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1904இல் அங்கே பிளேக் வந்தது. காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் காந்தியும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். நகராட்சி மக்களை கிளிப்ஸ்ப்ரூட் பக்கம் அப்புறப்படுத்தி, குடியிருப்பைத் தீ வைத்து எரித்தது. எரிந்த வட்டாரத்தைப் புதிதாக அளந்து, புதிதாகப் பெயர் வைத்தார்கள். அந்த நியூடவுனில்தான் பின்னர் நகரத்தின் சந்தைகள் எழுந்தன.

பழச்சந்தைக் கட்டடத்துக்கான வருடத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். 1913. அந்த வருடம்தான் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு எல்லை கடந்து நேட்டாலின் நியூகாசில் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். ஜோகன்னஸ்பர்க் சத்தியாக்கிரகத்தில் தம்பி நாயுடு போன்றவர்களோடு நின்ற தமிழர்களில் பலர் கூடை தூக்கியும் வண்டி தள்ளியும் பழமும் காய்கறியும் விற்றவர்கள். உரிமம் இல்லாமல் விற்றதாகச் சிறைக்குப் போவதே அவர்களுடைய போராட்ட முறையாக இருந்தது. ஒரே வருடத்தில் ஒரு பக்கம் சிறை, இன்னொரு பக்கம் அவர்களைப் போன்ற வியாபாரிகளுக்கென்று தனியாக ஒரு சந்தைக் கட்டடம். ‘இந்தியப் பழச்சந்தை’ என்ற பெயரிலேயே பிரிவினை இருந்தது.

லெனேசியாவில் ஒரு தாத்தா இருக்கிறார். அவருடைய அப்பா அந்தச் சந்தையில் பழம் எடுத்து வீடு வீடாக விற்றவர். சந்தையில் என்ன நினைவிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

“சத்தம்தான் தம்பி. ஏலம் கூவுற சத்தம், பெட்டிய இழுக்கிற சத்தம். விடியிறதுக்கு முன்னாடியே உள்ள நிப்போம். குளிருல கை விறைச்சுப் போயிரும். ஆரஞ்சுப் பெட்டிய ஆணி பிடுங்கித் தொறந்தா ஒரு வாசம் வரும் பாரு.”

“அப்புறம் அங்கே நாடகம் பார்த்திருக்கீங்களா, தாத்தா?”

“ஒரு தடவை பேரன் கூட்டிட்டுப் போனான். நாடகம் பாத்தேனோ இல்லையோ, கூரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதே இரும்பு.”

1970களின் நடுவில் நகரத்தின் மொத்தச் சந்தை சிட்டி டீப்புக்கு மாறியது. ஏறக்குறைய அதே காலத்தில், பக்கத்து ஃபீட்டாஸில் தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த இந்திய வியாபாரிகளை இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பெயரில் வெளியேற்றி, ஓரியண்டல் பிளாசாவுக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பங்களை லெனேசியாவுக்கு அனுப்பினார்கள். ஆக, சந்தை காலியானபோது அதைச் சுற்றியிருந்த மக்களும் காலி செய்யப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாடக வரலாறு எழுதுகிறவர்கள் ‘கைவிடப்பட்ட சந்தை’ என்று ஒரு வரியில் கடந்துவிடும் இடம் இது. எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை.

1976 ஜூன்

பார்னி சைமன் இயக்குநர். மேனி மேனிம் தயாரிப்பாளர், ஒளியமைப்பாளரும் அவரே. இருவரும் சேர்ந்து 1974இல் ‘தி கம்பெனி’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். நிரந்தர இடம் தேடியபோது கிடைத்தது இந்தச் சந்தைக் கட்டடம்.

அப்போது சட்டம் எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவர்கள் செய்தது புரியும். 1965இல் வந்த அறிவிப்பின்படி வெள்ளையரும் மற்றவர்களும் ஒரே அரங்கில் கலந்து உட்காரத் தடை. அரசு பணம் கொடுத்துக் கட்டிய அரங்குகளில் நம்மவர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை. 1971இல் கேப் டவுனில் திறந்த நிக்கோ மலான் அரங்கு நாலு வருடம் வெள்ளையருக்கு மட்டுமே கதவு திறந்தது. வெளிநாட்டு நாடகாசிரியர்கள் பலர் 1963லிருந்தே, பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளுக்குத் தங்கள் நாடகங்களைத் தர மறுத்துவந்தார்கள். மார்க்கெட் தியேட்டர் முதல் நாளிலிருந்தே எல்லோரும் நடிக்கலாம், எல்லோரும் சேர்ந்து உட்காரலாம் என்ற நிலையை எடுத்தது.

ஜூன் 16ஆம் தேதி கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோவின் மாணவர்கள் ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போனார்கள்; போலீஸ் சுட்டது. ஐந்து நாள் கழித்து, ஜூன் 21ஆம் தேதி, மாடியிலிருந்த சின்ன அரங்கில் முதல் நாடகம் அரங்கேறியது. செகாவின் ‘கடற்பறவை’.

நகரத்தின் தென்மேற்கில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது ரஷ்யப் பண்ணை வீட்டுக் கதையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நாடகத்தின் முதல் அங்கத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் இளைஞன் ஏரிக்கரையில் அவசரத்துக்கு ஒரு மேடை கட்டியிருக்கிறான். ஒரு திரை, இரண்டு பக்கத்தட்டி, அதற்கப்பால் வெறும் வெளி. தீட்டிய காட்சி எதுவும் கிடையாது. பின்னால் தெரிவது ஏரியும் அடிவானமும்தான். புதிய வடிவங்கள் வேண்டும் என்று அவன் துடிக்கிறான். பழச்சந்தைக்குள் கட்டிய வெறும் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைத்திருக்காது. பெரிய அரங்கு அந்த வருடம் அக்டோபரில் பீட்டர் வைஸின் ‘மாரா/ஸாத்’ நாடகத்தோடு திறந்தது.

மேடை: என்ன இருந்தது, என்ன இல்லை

நம் ஊரில் பழைய கம்பெனி நாடகங்களின் பெருமையே சீன்தான். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் மேடை ஜோடனையையும் ஆர். எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகளையும் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். கப்பி, கயிறு, படுதா, மேலே போகும் சீன், கீழே திறக்கும் பொறி. ஐரோப்பிய பாணியில் கட்டிய பெரிய அரங்குகளும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. மேடைக்கு மேலே ஓர் உயரமான கோபுரம் இருக்கும். பார்வையாளருக்குத் தெரியும் மேடை முகப்புச் சட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். காட்சித் திரைகளை நீளமான குழாய்களில் கட்டி, மறுமுனையில் இரும்பு எடைகளை ஏற்றிச் சமன்செய்வார்கள். சமன் சரியாக இருந்தால் ஒரே ஆள் கயிற்றை இழுத்து ஒரு மாளிகையையே மேலே மறைத்துவிடலாம். எடை தப்பினால் உயிருக்கே ஆபத்து. நிக்கோ மலானும், 1981இல் பிரிட்டோரியாவில் திறந்த அரசு அரங்கமும் இந்த வகைப் பொறியமைப்புக்குப் பேர்போனவை.

சந்தைக்கூரைக்கு மேலே அப்படி ஒரு கோபுரம் எழுப்ப வழியில்லை. இரும்புச் சட்டங்கள் தாங்கும் கூரை அப்படியே நின்றது. சீன் மேலே பறக்க இடமில்லை. முகப்புச் சட்டம் போட்ட மேடையும் இல்லை. பெரிய அரங்கில் இருக்கைகள் மேடையை அணைத்தபடி படிப்படியாக ஏறுகின்றன. நானூறுக்கும் குறைவான இருக்கைகள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகரின் கண் தெரியும்.

இப்படிப்பட்ட மேடை என்னென்ன செய்யவிடாது என்பதை நாடகம் போட்டவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். முதலில், தட்டி வைக்க முடியாது. நேரே பார்ப்பவருக்கு அது சுவர். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு அது மறைப்பு. அதனால் இடுப்புக்கு மேல் உயராத சாமான்களே மேடைக்கு வரும். இரண்டாவது, ஒளிந்து நிற்க இடம் குறைவு. நடிகர் வருவதும் போவதும் எல்லார் கண்ணிலும் படும். மூன்றாவது, விளக்கு. ஒரே பக்கம் பார்க்கும் மேடையில் எதிரிலிருந்து தாராளமாக வெளிச்சம் போடலாம். சுற்றி ஆட்கள் இருக்கும் மேடையில் அப்படிப் போட்டால் எதிர்ப்பக்கத்து ஆட்களின் கண் கூசும். ஆகவே விளக்குகளைத் தலைக்கு மேலே ஏற்றி, செங்குத்தாக இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் நடிகரின் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். அந்த நிழலை நீக்க வேறு கோணத்திலிருந்து இன்னொரு விளக்கு. ஒவ்வொரு விளக்குக்கும் முன்னால் தகட்டு மடிப்புகள் வைத்து, வெளிச்சம் மேடை விளிம்போடு நிற்கும்படி வெட்ட வேண்டும். பொறுமை கேட்கிற வேலை.

தட்டி இல்லாத மேடையில் சுவர் வேலையைச் செய்வதும் இந்த வெளிச்சம்தான். ஒரு சதுரமான வெளிச்சம் விழுந்தால் அது சிறை அறை. அதைச் சற்று நீட்டினால் தெரு. அதற்குள் நிற்பவர் கை நீட்டி, விரல் நுனி இருட்டில் மறைந்தால் அங்கே சுவர் இருக்கிறது என்று பார்ப்பவரே நம்பிக்கொள்வார். இந்த அரங்கை நிறுவியவர்களில் ஒருவர் ஒளியமைப்பாளர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதன் பலன் இந்த மேடையின் நாடகங்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது. அங்குள்ள ஓர் அரங்குக்கு இப்போது மேனி மேனிம் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெரிய அரங்கு நடிகர் ஜான் கானி பெயரில், மாடி அரங்கு பார்னி சைமன் பெயரில்.

இரண்டு தேயிலைப் பெட்டி, ஒரு பலகை

மேடைச் சாமான் பட்டியலை வைத்து ஒரு நாடகத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ‘வோசா ஆல்பர்ட்!’டை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1981. எழுதியவர்கள் பெர்சி ம்ட்வா, ம்போங்கேனி ங்கேமா, பார்னி சைமன். நடித்தவர்கள் முதல் இருவர் மட்டுமே.

மேடை நடுவில் கவிழ்த்த இரண்டு தேயிலைப் பெட்டி. பின்னால் பழைய கயிற்றில் குறுக்காகத் தொங்கும் ஒரு நீளப் பலகை. பலகையில் ஆணிகள், ஆணிகளில் கந்தல் சட்டைகள், தொப்பிகள். நடிகர்கள் வெற்று மார்போடு, விளையாட்டுக் கால்சட்டையும் ஓட்டக் காலணியும் போட்டு நிற்கிறார்கள். ஆளுக்கொரு எலாஸ்டிக் நாடா கழுத்தில். அதில் கோர்த்த இளஞ்சிவப்புக் கோமாளி மூக்கு. சாமான் அவ்வளவுதான்.

நாடகம் தொடங்கும்போது இருவரும் வாயாலேயே ஒரு ஜாஸ் கச்சேரி வாசிக்கிறார்கள். ஊதுகுழலும் வாய்தான், முரசும் வாய்தான். ஒருவர் திடீரென்று மூக்கை மேலே இழுத்து மாட்டுகிறார். வெள்ளைக்காரப் போலீஸ் வந்தாயிற்று, கறுப்பினத்தவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு எங்கே என்கிறார். மூக்கைக் கீழே இறக்கினால் மறுபடி தொழிலாளி. இடைவேளை கிடையாது, விளக்கணைத்து ஆள் மாற்றுவது கிடையாது. மனிதனுக்கு மனிதன் இருக்கும் அதிகார வித்தியாசமே ஒரு எலாஸ்டிக் நாடாவின் நீளம்தான் என்று பார்ப்பவருக்கு உறைக்கிறது. இதை வசனமாக எழுதியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும்.

கதை: இயேசு மறுபடி வருகிறார், வந்து இறங்குவது இனவெறி ஆட்சி நடக்கும் தென்னாப்பிரிக்காவில். முதலில் வரவேற்கும் அரசு பிறகு அவரைச் சிறையில் போடுகிறது. நடுவில் செங்கல் சூளைத் தொழிலாளி, முடிவெட்டுபவர், குப்பையில் உணவு தேடும் கிழவி என்று ஊரே இரண்டு உடம்புகளில் வந்து போகிறது. பல் போன ஒரு முதியவர் ஊசியில் நூல் கோர்க்கும் காட்சி ஒன்று உண்டு. கையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. நூலை நாக்கில் ஈரப்படுத்தி, முனையை முறுக்கி, கண்ணைச் சுருக்கி, தவறவிட்டு, மறுபடி கோர்க்க முயல்கிறார். அரங்கில் இருப்பவர்கள் அந்த ஊசிக்காதைத் தேடுகிறார்கள். எந்தப் பொறியும் செய்யாத வேலை இது.

கடைசியில் கல்லறைத் தோட்டம். இறந்த தலைவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்புகிறார்கள்: ஆல்பர்ட் லுதூலி, ஸ்டீவ் பிகோ, லிலியன் ங்கோயி. எழுந்து வருகிற யாரும் மேடையில் தெரிய மாட்டார்கள். பெயர் மட்டுமே. தியேட்டரை ஒட்டிப் போகும் பிரீ தெருவுக்குப் பின்னாளில் லிலியன் ங்கோயி பெயரை வைத்தார்கள்.

இந்த எளிமை வறுமையால் மட்டும் வந்ததா? இல்லை. ம்ட்வாவும் ங்கேமாவும் அதற்கு முன் நாடக இயக்குநர் கிப்சன் கென்டேயின் குழுவில் நடித்தவர்கள். அந்தக் குழு டவுன்ஷிப் எனப்படும் கறுப்பினத்தவர் குடியிருப்புகளின் சமூகக் கூடங்களில் ஊர் ஊராகப் போய் ஆடியது. விளக்கு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கூடத்து பல்புதான். ஒரு வேனில் அடங்குவதே நாடகம். அந்தப் பயணங்களின்போது போலந்து இயக்குநர் குரொட்டோவ்ஸ்கியின் ‘ஏழை அரங்கு’ பற்றிய எழுத்துகளைப் படித்தார்கள். நடிகரின் உடம்பும் பார்வையாளரும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் உபரி என்பது அவர் கொள்கை. கூடத்து அனுபவமும் அந்தப் படிப்பும் சேர்ந்து மார்க்கெட் மேடைக்கு வந்தன. மேடையும் அதற்கேற்ற மேடையாக இருந்தது. இரண்டு பெட்டியோடு கிளம்பிய நாடகம் எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. கோபுரமும் எதிர்எடையும் தேவைப்படும் நாடகமாக இருந்திருந்தால் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது.

மற்ற தயாரிப்புகள், சாமான் வழியாக

தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் அதோல் ஃபுகார்டின் நாடகங்கள் பல இங்கே ஆடப்பட்டன. 1989இல் ‘மை சில்ட்ரன்! மை ஆப்பிரிக்கா!’ இங்கே முதன்முதலாக அரங்கேறியபோது ஆசிரியர் வேடத்தில் ஜான் கானி. கையில் ஒரு பள்ளிக்கூட மணி, மேசையில் ஓர் அகராதி. வெளியே மாணவர்களின் பள்ளிப் புறக்கணிப்பு நடக்கும்போது காலி வகுப்பறையில் அவர் அந்த மணியை அடிப்பதுதான் நாடகத்தின் உச்சம். மூன்றே நடிகர்கள்.

1987இல் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’. இயக்கம் ஜேனட் சுஸ்மன், ஒதெல்லோவாக ஜான் கானி. கலப்பு உறவைக் குற்றமாக்கிய சட்டம் நீங்கி இரண்டே வருடம். மேடையில் ஒரு கறுப்பு நடிகர் வெள்ளை நடிகையின் கையைத் தொட்டாலே அரங்கில் மூச்சு நின்ற காலம். அங்கே எந்த அலங்காரத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் கவனச் சிதறல்தான்.

அதே வருடம் ‘சரஃபினா!’. ங்கேமா இயக்கியது, இசைக்கலைஞர் ஹ்யூ மசெகேலாவோடு சேர்ந்து இசை அமைத்தது. சொவெட்டோ பள்ளிப் பிள்ளைகள், சீருடை, பாட்டு, ஆட்டம். நியூயார்க் போய், பிராட்வேயில் 597 முறை நடந்தது. சாமான் குறைவு என்றால் ஆள் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1997இல் வந்த ‘ஊபு அண்ட் தி ட்ரூத் கமிஷன்’ முற்றிலும் வேறு ரகம். வில்லியம் கென்ட்ரிட்ஜ் இயக்கம், ஹேண்ட்ஸ்ப்ரிங் பொம்மைக் குழு. பின்திரையில் கரிக்கோட்டுச் சித்திரங்கள் அசைய, முன்னால் பொம்மைகள். சான்றுகளைத் தின்னும் முதலையின் உடம்பு ஒரு பழைய கான்வாஸ் பை. மூன்று தலை நாயின் வயிறு ஒரு கைப்பெட்டி. இனவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தில் சாட்சி சொன்ன எளிய மக்களுக்கு மட்டும் மரத்தில் செதுக்கிய முகங்கள். ஆட்டுவிப்பவர்கள் ஒளிந்துகொள்வதில்லை, பொம்மையின் பக்கத்திலேயே நின்று, அது பேசும்போது அதன் முகத்தையே பார்க்கிறார்கள். நம் தோல்பாவைக் கூத்திலும் பொம்மலாட்டத்திலும் ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால் மறைவார். இங்கே அவர் வெளியே வந்து, சாட்சியோடு உட்கார்ந்து துக்கம் கேட்கிற உறவுக்காரரைப்போல இருந்தார். படக்கருவியும் திரையும் வந்தபிறகும் இந்த அரங்கு தன் பழைய பழக்கத்தை விடவில்லை: ஒவ்வொரு சாமானும் நடிக்க வேண்டும், சும்மா நிற்கக் கூடாது.

எதிர்வாதமும் கேட்க வேண்டும்

எங்கள் குழுவில் விளக்குப் பொறுப்பு பார்க்கும் அண்ணன் இந்த ஆய்வின் முதல் வடிவத்தைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். “வசதி இல்லாததையே பெருமையாச் சொன்னா, நாளைக்கு ஹால் கமிட்டி அதையே பிடிச்சுக்கும். ரெண்டு பெட்டி போதும்னு எழுதியிருக்கீங்களேம்பான். டிம்மருக்குக் காசு கேட்டா தரமாட்டான்.” அவர் சொல்வது நியாயம்.

மார்க்கெட் தியேட்டர் ஒன்றும் கருவியே இல்லாத இடமல்ல. விளக்கு விஷயத்தில் அது கறாரான அரங்கு. குறைவான சாமானோடு மேடை ஏறும்போது ஒவ்வொரு விளக்கும் சரியான நொடியில் சரியான இடத்தில் விழுந்தே ஆக வேண்டும். தட்டி இருந்தால் மறைத்துவிடலாம், இங்கே மறைக்க ஒன்றுமில்லை. அதற்குப் பயின்ற ஆட்கள் வேண்டும். பார்னி சைமனும் ஜான் கானியும் 1989இல் ‘மார்க்கெட் லாப்’ என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியதற்குக் காரணம் அதுவே: டவுன்ஷிப் குழுக்களிடம் ஆர்வம் இருந்தது, தொழில் கற்றுத்தர இடமில்லை. நம் குழுக்களிலும் ஒலிபெருக்கிக்கும் எல்.ஈ.டி. திரைக்கும் செலவழிக்கிறோம், விளக்கு இயக்க ஒரு பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கச் செலவழித்தோமா? நான் கேட்டவரை யாரும் ஆம் என்று சொல்லவில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

நம் பக்கம்

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் கூடவே தெருக்கூத்தைக் கொண்டுவந்தார்கள். கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கதை. மேடை என்று எதுவும் கிடையாது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து வேடக்காரர் பாடிக்கொண்டே வருவார். துணியை விலக்கினால் அர்ஜுனன். கட்டியங்காரன் ஒரே துண்டை இடுப்பில் கட்டினால் சேவகன், தலையில் போட்டால் கிழவி. கோமாளி மூக்கை ஏற்றி இறக்கும் வித்தையைப் பார்த்தபோது எனக்கு இந்தத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. டர்பனில் 1964இல் தொடங்கிய ஷா தியேட்டர் அகாதெமியும், 1970களில் ரோனி கோவிந்தர் எழுதிய ‘தி லாணீஸ் பிளெஷர்’ நாடகமும் இந்த எளிமையின் வேறு வடிவங்கள். மவுண்ட் எட்ஜ்கம் சர்க்கரை ஊரின் மதுக்கடை ஒன்றில், தோட்ட ஊர் இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்திலேயே அந்த நாடகம் நடக்கிறது. மேடைக்கு ஒரு கவுண்டர் போதும்.

ஆக, வெறும் மேடை நமக்குப் புதிதல்ல; நடுவில் சபா நாடகமும் சினிமாவும் வந்து நம் கண்ணை சீனுக்குப் பழக்கிவிட்டன. ஒருமுறை எங்கள் நாடகத்தின் நடுவில் மின்வெட்டு வந்தது. பேட்டரி விளக்குகளை முன்வரிசைக்காரர்கள் கையில் கொடுத்துத் தொடர்ந்தோம். பின்வரிசையில் இருந்தவர்களும் எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். தானாகவே மூன்று பக்கம் சூழ்ந்த மேடை உருவாகிவிட்டது. நாடகம் முடிந்ததும் எங்கள் குழுவின் மூத்த அக்கா, “ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல், இனிமே ஹாலைக் குறை சொல்றவங்க என்கிட்ட வாங்க” என்றார். அப்போதிருந்து முன்திரையை நாங்கள் பயன்படுத்துவதில்லை. விளக்கு அண்ணனுக்கு நாலு நல்ல விளக்கும் ஓர் உதவியாளரும் கேட்டு கமிட்டிக்கு எழுதியிருக்கிறோம். அந்த உதவியாளர் பத்தாம் வகுப்புப் பெண். தகட்டு மடிப்பு வெட்டுவதில் அண்ணனையே மிஞ்சுகிறாள்.

அடுத்து எழுத எடுத்திருப்பது பழச்சந்தைக் கதை. அந்தக் கட்டடத்துக்குள் எத்தனையோ ஊர்க் கதை மேடை ஏறிவிட்டது. விடியற்காலையில் அங்கே பெட்டி இழுத்தவர்களின் கதைக்கு நம் மொழியில் ஒரு நாடகம் வேண்டும் என்பது எங்கள் ஆசை. சாமான் பட்டியலை இப்போதே முடிவு செய்துவிட்டோம்: ஆரஞ்சுப் பெட்டி இரண்டு, ஒரு தராசு, ஆணி பிடுங்கும் இரும்பு, ஒரு கூடை. ஏலம் கூவுவது தாத்தா சொல்லிக்கொடுத்தபடி வாயாலேயே. உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து வியாபார உரிமத் தாளோ, சந்தைச் சீட்டோ, தராசோ இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பொருளைத் தர வேண்டாம். எழுத்தும் அளவும் தெளிவாகத் தெரிந்தால் போதும், நாங்களே செய்துகொள்வோம்.